ஃப்ரிட்ஜுக்கு நான் வைத்த பூட்டு

வேலமுள் மண்டிக் கிடந்த மேட்டாங்காட்டில் ஃபவுண்டரி கட்டியவன் நான். கிணத்துக்கடவுப் பக்கம் தேங்காய் உரிக்கிற கூலிக்காரர் மகனாகப் பிறந்து, ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, காந்திபுரத்து லேத் பட்டறை ஒன்றில் இரும்புச் சுருள் கூட்டிப் பெருக்கத் தொடங்கியவன், பிற்பாடு சூலூரில் சொந்தப் பெயரில் மோட்டார் பம்பு வார்த்தேன். ஜாமீன் போட ஒருத்தரும் வரவில்லை, ஆனாலும் வார்த்தேன். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளுக்குத் துருப்பிடிக்காத எஸ்.எஸ். தொட்டி செய்தேன். படித்த இஞ்சினீயர்கள் ஆகாது என்று கைவிட்ட இரட்டைச் சுவர்க் கலத்தை ஒரு சொட்டு ஒழுகாமல் செய்து கொடுத்தேன். ஊருக்கு மண்டபம் கட்டினேன், கோயிலுக்கு மணி வார்த்தேன். எல்லாவற்றிலும் என் பெயர் வார்ப்போடு வார்ப்பாக இருக்கிறது, சுரண்டினாலும் போகாது. நான் செய்த வேலைகளிலேயே கஷ்டமான வேலை ஒன்றில் மட்டும் என் பெயர் இல்லை. அது ஒரு பழைய ஃப்ரிட்ஜுக்கு வைத்த பூட்டு.

அந்த ஃப்ரிட்ஜ் இன்றைக்கும் என் கண் முன்னால்தான் இருக்கிறது. ஃபவுண்டரி கேன்டீனில் பால் பாக்கெட்டும் எலுமிச்சம்பழமும் வைக்கிறார்கள். பெல்ட் கட்டிய மாதிரி அதன் நடுவயிற்றைச் சுற்றி ஒரு பட்டை இரும்பு, அதில் ஒரு தாழ்ப்பாள். பூட்டு இப்போது இல்லை. பாலைக் குடித்துவிடுவார்கள் என்று பெரியவர் பூட்டி வைத்திருந்தாராக்கும் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் பேசிச் சிரிப்பது என் காதில் விழும். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். இனி அப்படி இருக்க முடியாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

டாக்டரம்மாவிலிருந்து தொடங்க வேண்டும். ஊசி போடுகிற டாக்டர் அல்ல. வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். வெளிநாட்டில் மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்து, இங்கே ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். என்னிடம் அவர் வந்தது ஒரு சின்னக் கலத்துக்காக. உள்ளே வழவழவென்று இருக்க வேண்டும், வெளிச்சுவருக்குள் ஐஸ் தண்ணீர் ஓட வேண்டும் என்றார். செய்து வைத்தேன். பஞ்சை எடுத்து உள்பக்கம் முழுக்கத் துடைத்துப் பார்த்துவிட்டு, ஒரு நூல்கூடச் சிக்கவில்லை என்று தலையை ஆட்டினார். அப்போதே எனக்கு அந்தம்மா மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது. இதில் என்னங்க அம்மணி சமைக்கப் போறீங்க என்று கேட்டேன். "இதுவரைக்கும் உலகத்துலயே இல்லாத ஒரு பொருளைங்க ஐயா" என்றார். அந்தப் பதிலில் விழுந்தவன்தான். வார்ப்பு அச்சுக்கான மரப் பேட்டர்ன்களைப் போட்டு வைத்திருந்த பின்பக்கத்து ஷெட்டைக் காலி செய்து கொடுத்தேன். போர்டில் என் பெயர் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

அவர் செய்த வேலை எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். உடம்புக்குள் எல்லா வேலையையும் செய்வது நொதிகள் என்கிற வேலைக்காரர்கள். நுரையீரலில் காயம் பட்டால் நார் பின்னி அதை ஒட்டவைக்கிற நொதி ஒன்று உண்டு. தறி ஓட்டுகிற ஆள் மாதிரி. துணி நெய்து முடிந்ததும் தறியை நிறுத்த வேண்டுமல்லவா? சிலருக்கு அது நிற்பதில்லை. நெய்துகொண்டே போய், மெத்தென்று இருக்க வேண்டிய நுரையீரல் சாக்குப் பை மாதிரி இறுகிவிடுகிறது. அந்தத் தறிக்குள் போய் மாட்டிக்கொண்டு அதை நிறுத்துகிற ஒரு சின்னத் துண்டைச் செய்வதுதான் டாக்டரம்மாவின் வேலை. கம்ப்யூட்டரில் அந்த நொதியைக் காட்டுவார்; சிக்கெடுக்காத நூல்கண்டு போல இருக்கும். அதன் நடுவில் ஒரு குழி, குழிக்குள் ஒரு செம்பு அணு. செம்பு என்றதும் நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அந்தக் குழியின் அளவுக்கு, அந்தச் செம்புக்குப் பக்கத்தில் போய்ப் பிடித்துக்கொள்கிற மாதிரி, மூலக்கூறை வரைவார். இந்த மூலையில் ஒரு துண்டை எடுத்துவிட்டு ஃபுளோரின் வைத்துப் பார்ப்போம், அந்த வளையத்தைக் கொஞ்சம் சின்னதாக்குவோம் என்று தனக்குள்ளேயே பேசிக்கொள்வார். நான் பேட்டர்ன் வரைகிற மாதிரியேதான். அப்புறம் அதைக் கையால் செய்ய வேண்டும்.

செய்வதற்குக் கண்ணாடி வேண்டும். கண்ணாடிக்கு என் மச்சான் இருந்தான்.

மச்சான் என்றால் ரத்த உறவு கிடையாது. கோட்டைமேட்டுக்காரன். நான் லேத் பட்டறையில் பெருக்கிக்கொண்டிருந்த காலத்தில், அடுத்த கடையில் காலேஜ்களுக்குக் குடுவையும் குழாயும் ஊதிக்கொண்டிருந்தவன். அன்றைக்கு ஆரம்பித்தது மச்சான், மாமன் என்கிற அழைப்பு. என் முதல் மோட்டாரை இறக்கிப் பார்க்க எனக்குக் கிணறு ஏது? அவன் வீட்டுக் கிணற்றில்தான் இறக்கினோம். தெரு முழுக்க ஃபியூஸ் போனது. அவன் வீட்டுக்காரம்மா எண்ணெய் மிதக்கிற தண்ணீரைக் காட்டித் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. கயிறு கட்டி மேலே எடுத்தோம், சரி செய்தோம், மறுபடி இறக்கினோம். அதற்கப்புறம் எந்தப் புது மாடல் வார்த்தாலும் முதலில் அவன் கிணற்றில் ஓடிய பிறகுதான் கடைக்குப் போகும். எனக்குச் சொந்தமாகக் கிணறு தோண்டிய பிறகும் அந்த வழக்கத்தை நான் மாற்றவில்லை. செய்தவர்கள் கிணற்றில் ஓடாத சரக்கை அடுத்தவர்கள் கிணற்றுக்கு விற்க மாட்டோம் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தொழில் தர்மம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; பிற்பாடு வந்த வினை எல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

ஷெட்டுக்குள் நெருப்பு ஆகாது என்பது டாக்டரம்மாவின் சட்டம், ஏனென்றால் உள்ளே இருப்பதெல்லாம் பெட்ரோலைப் போலப் பற்றிக்கொள்கிற திரவங்கள். அதனால் வெளியே தகரம் இறக்கி மச்சானுக்குப் பர்னர் போட்டுக் கொடுத்தேன். அவர் வரைந்து காட்டுவார், அவன் ஊதிக் கொடுப்பான். அந்தக் குடுவைகளில்தான் எல்லாம் நடக்கும். உப்பும் ஐஸும் கலந்த தொட்டியில் குடுவை உட்கார்ந்திருக்கும், வாயில் நைட்ரஜன் அடைத்த பலூன் கட்டியிருக்கும், உள்ளே காந்தத் துண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். நேரத்துக்கு நேரம் ஒரு துளி எடுத்து வெள்ளைத் தகட்டில் வைத்து ஊதா விளக்கின் கீழே பார்ப்பார். பழைய புள்ளி மறைந்து புதுப் புள்ளி வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அப்புறம் மணல் போன்ற ஒரு தூளை அடைத்த உயரமான கண்ணாடிக் குழாயில் அதை ஊற்றிச் சொட்டுச் சொட்டாகப் பிரிப்பார். கடைசியில் குடுவையின் அடியில் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள். அதைப் பெங்களூரில் ஒரு ஆய்வகத்துக்கு அனுப்புவார். நொதியை நிறுத்துகிறதா என்று அங்கே சோதித்துச் சொல்வார்கள். பெரும்பாலும் இல்லை என்றுதான் வரும். மறுபடி ஒரு மூலையை மாற்றுவார், மறுபடி ஐஸ் தொட்டி.

டாக்டரம்மா தூள்களுக்கு நம்பர்தான் வைப்பார். மச்சான் அதையெல்லாம் கேட்க மாட்டான். சூலூரிலிருந்து டவுன் பஸ் நிற்கிற ஸ்டாப்புகளின் பெயரை ஒவ்வொன்றுக்கும் வைத்தான். "ஏனுங்க டாக்டரம்மா, உங்க ஒண்டிப்புதூர் என்னாச்சுங்க, பாதி வழியில எறங்கிருச்சா?" என்பான். சிங்காநல்லூர் கொஞ்சம் தாக்குப்பிடித்தது, ஆனால் தண்ணீரில் கரையவே இல்லை. அப்புறம் ஒன்று வந்தது. பெங்களூரிலிருந்து பதில் வந்த அன்றைக்கு டாக்டரம்மா அந்தத் தாளோடு ஷெட்டுக்கு வெளியே வந்து நின்றார். இம்மியளவு போட்டாலே நொதி நின்றுவிடுகிறதாம். மச்சான் பர்னரை அணைத்துவிட்டு, "அப்ப இது காந்திபுரமுங்க. கடைசி ஸ்டாப்பு வந்தாச்சு" என்றான். அவர் உடனே மறுத்தார். இது டியூபுக்குள் நின்றது, அவ்வளவுதான். செல்லில் பார்க்கணும், எலியில் பார்க்கணும், அதற்கப்புறம்தான் மனுசன், நாம இன்னும் சூலூர் பஸ் ஸ்டாண்டையே தாண்டலைங்க என்றார். நாங்கள் இரண்டு பேரும் அதைக் காதில் வாங்கவில்லை. நான் மூணாந்தெரு வரைக்கும் போய் மிட்டாய் கொடுத்தேன்.

மச்சானுக்கு இருமல் இருந்தது எனக்குத் தெரியும். பர்னர் புகை என்று நினைத்தோம். ஒருநாள் பெரிய குடுவை ஒன்றை ஊதிக்கொண்டிருந்தவன், பாதியில் குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு மூச்சு வாங்கினான். ஒரு பக்கம் வீங்கி ஒரு பக்கம் சப்பையாக அந்தக் கண்ணாடி அப்படியே ஆறிப்போனது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள்: நுரையீரல் நாராகி இறுகிக்கொண்டிருக்கிறது, காரணம் தெரியவில்லை, இருக்கிற மாத்திரை வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது. டாக்டரம்மா அந்த ரிப்போர்ட்டை வாங்கிப் படித்துவிட்டுக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். மச்சான்தான் பேச்சை ஆரம்பித்தான். "அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்குதுங்களே, டாக்டரம்மா."

அதற்கப்புறம் அவன் அவரிடம் கேட்கவில்லை. என்னிடம்தான் கேட்டான். ஃபவுண்டரியில் அன்றைக்கு உருக்கு ஊற்றும் நாள். இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்று தெரிந்துதான் அந்த நேரத்தில் வந்தான் என்று நினைக்கிறேன். என் பக்கத்தில் வந்து பெஞ்சில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டான்.

"மொதல் மோட்டார எந்தக் கெணத்துல எறக்குனோம், மச்சான்?"

"உன்ற கெணத்துல."

"அப்புறம் வந்ததையெல்லாம்?"

"உன்ற கெணத்துலதான்டா. அதுக்கென்ன இப்ப?"

"காந்திபுரத்தையும் எனக்குள்ளயே எறக்கிப் பாத்தரலாம். நான் ஊதுன குடுவையில வந்ததுதானே அது."

பிழைக்க வேண்டும் என்று அவன் கெஞ்சியிருந்தால் எனக்கு ஏதாவது பேச வந்திருக்கும். அவன் கெஞ்சவில்லை. நியாயம் கேட்டான். எங்கள் தொழிலில் எது நியாயமோ அதைக் கேட்டான். எனக்கு மறுக்கத் தெரியவில்லை. சரி மச்சான், செஞ்சுபோடலாம் என்று சொல்லிவிட்டேன். பத்திரம் எழுதி வியாபாரம் செய்தவன் இல்லை நான். வாயால் சொன்னால் சொன்னதுதான் என்பதற்காகவே எனக்கு இரும்பு கொடுத்தவர்கள் உண்டு.

டாக்டரம்மாவிடம் போய், ஒரு கரண்டித் தூளுக்கு என்னங்க அம்மணி யோசனை என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் திரும்பக் கத்திவிட்டு எடுத்துக்கொண்டு வந்திருப்பேன், ஷெட் என்னுடையது. எவ்வளவு கொடுப்பீங்க, எத்தனை வேளை கொடுப்பீங்க, இந்த நொதியை மட்டும்தான் நிறுத்தும் என்று உங்களுக்கு யார் சொன்னாங்க என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இதே சாதி நொதிகள் ரத்தக் குழாயில் இருக்கு, எலும்பில் இருக்கு, அதுகளையும் இது நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியாதுங்க என்றார். நான் கிணற்றுக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது ஒன்றுதான். "கெணத்துல எறக்கினது ஓடலைன்னா கயிறு கட்டி மேல எடுத்துடுவீங்க. இதை எப்படிங்க ஐயா எடுப்பீங்க?"

சொல்லிவிட்டு அழுதார். அந்த அழுகையைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது, ஒருநாள் இவரே இளகி எடுத்துக் கொடுத்துவிடுவாரோ என்று. தினமும் மச்சான் வந்து அவர் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறான். ஒரு வார்த்தை கேட்பதில்லை. அந்த மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். எந்தப் படிப்பாளியும் அதை எத்தனை நாள் தாங்குவார்? நானே எத்தனை நாள் தாங்குவேன்? ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், யாரும் இல்லாதபோது ஷெட்டைத் திறந்தேன். ஃப்ரிட்ஜில் மேல் தட்டில் பழுப்புநிறச் சீசாவில் இருந்தது காந்திபுரம். எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். கடுகு டப்பா அளவுகூட இல்லை. மூடியைத் திருகி மோந்து பார்த்தேன், ஒரு வாசமும் இல்லை. சட்டைப் பையில் போட்டேன். வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். வெளியே தகரத்துக்குக் கீழே, ஒரு பக்கம் வீங்கிய அந்தக் குடுவை இன்னும் கிடந்தது. என் மோட்டார் அவன் கிணற்றில் ஓடாமல் போன நாட்கள் எல்லாம் ஞாபகம் வந்தன. ஒவ்வொரு தடவையும் கயிறு இருந்தது.

திரும்பிப் போய்ச் சீசாவை வைத்தேன். பட்டறைக்கு வந்து வெல்டிங் மெசினை ஓட்டினேன். ஃப்ரிட்ஜ் தகட்டில் நேராக வெல்டிங் வைத்தால் பொத்துக்கொள்ளும். அதனால் பட்டை இரும்பை அளவு பார்த்து வளைத்து, தாழ்ப்பாளை அதில் பற்றவைத்து, ஆறிய பிறகு கொண்டுபோய் ஃப்ரிட்ஜைச் சுற்றி முறுக்கினேன். திண்டுக்கல் பூட்டு ஒன்று போட்டேன். சாவியை என் அரைஞாணில் கட்டிக்கொண்டேன். இனி அந்தம்மா மனம் இளகினாலும் முடியாது. எனக்கே இளகினால்? குளிக்கும்போதெல்லாம் அந்தச் சாவி இடுப்பில் குத்தியது. டாக்டரம்மாவுக்கு ஃப்ரிட்ஜ் திறக்க வேண்டுமென்றால் நான் போய் நின்று திறந்துவிடுவேன், அவர் எடுத்ததும் பூட்டுவேன். அவர் ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

மச்சான் மறுநாளே பார்த்துவிட்டான். எழுந்து போய், பட்டை இரும்பின் மேல் விரலை வைத்துத் தடவினான். என் வெல்டிங் காசு அடுக்கி வைத்த மாதிரி இருக்கும்; கோயமுத்தூரில் வேறு கை அப்படி வைக்காது. "வெல்டிங்கப் பாத்தாத் தெரியாதா மச்சான், யாரு வச்சதுன்னு" என்றான். நான் தலையைத் தூக்கவில்லை. பூட்டை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் வச்சிருக்கே. ஒடைக்க முடியாது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனான். அதற்கப்புறம் அவன் ஷெட்டுக்கு வரவில்லை. நான்தான் கோட்டைமேட்டுக்குப் போய்வந்தேன். ஆக்சிஜன் குழாயை மூக்கில் வைத்துக்கொண்டு, மண்டபக் கணக்கு, மழை, பஸ் கட்டணம் எல்லாம் பேசுவான். பூட்டைப் பற்றி மட்டும் பேசவே மாட்டான்.

அவன் கண்ணை மூடிய அன்றைக்கு டாக்டரம்மாவும் வந்தார். வாசலில் நின்ற அவன் பெரிய மகன் அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, என்னிடம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்: "அந்தம்மா மனசு வச்சிருந்தா எங்க அத்தா பொழச்சிருப்பாரு மாமா. மருந்தக் கண்ணுல காட்டிட்டுப் பூட்டி வச்சிருச்சு." நான் வாயைத் திறந்தேன். டாக்டரம்மா என் கையைத் தொட்டுத் தள்ளிக்கொண்டு தெருமுனைக்கு வந்துவிட்டார். நான் வெளியூர்க்காரி, இன்னைக்கு இல்லைன்னா நாளைக்குப் போயிடுவேன். நீங்க ரெண்டு குடும்பமும் இங்கேயே இருக்கணும், பழி என் மேலயே இருந்துட்டுப் போகட்டுங்க ஐயா என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வெல்டிங் யாருடையது என்று மச்சான் தன் மகனிடம் கடைசி வரைக்கும் சொல்லவே இல்லை.

அதற்குச் சில மாதம் கழித்து எலியில் பார்த்த முடிவு வந்தது. வாய் வழியாகக் கொடுத்தால் ரத்தத்தில் சேரவே இல்லை. ஈரல் அதை வழியிலேயே உடைத்துவிடுகிறதாம். அதாவது நான் கொடுத்திருந்தால் மச்சானுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. டாக்டரம்மா இதை என்னிடம் சொல்லும்போது, இதைக் கேட்டு ஆறுதலும் படாதீங்க, வருத்தமும் படாதீங்க, அன்னைக்கு இது யாருக்கும் தெரியாது என்றார். எப்படிப் படாமல் இருப்பது? ஒன்றும் ஆகியிருக்காது என்றால், அவன் அதை விழுங்கிவிட்டு, காந்திபுரம் உள்ளே இறங்கிவிட்டது என்று நம்பி நாலு நாள் நிம்மதியாகத் தூங்கியிருப்பானே. அந்தத் தூக்கத்தையும் சேர்த்துத்தானே நான் பூட்டினேன். இத்தனை வருசமாகப் புரட்டிப் பார்க்கிறேன். நான் செய்தது சரி என்று சாமி முன்னால் நின்றும் சொல்வேன். ஆனாலும் சொல்லி முடித்த பிறகு மனசு அடங்குவதில்லை.

டாக்டரம்மா ஐதராபாத் போய்விட்டார். அந்த மூலக்கூறின் ஒரு மூலையை மாற்றி, ஈரலில் உடையாத ஒன்றை அவருடைய ஆட்கள் செய்துகொண்டிருக்கிறார்களாம். கல்லூரி மலருக்கு அந்த ஷெட்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி அனுப்பியிருக்கிறார். பேத்தி படித்துக் காட்டினாள். கண்ணாடி ஊதிக் கொடுத்த கலைஞருக்கு நன்றி, இடமும் தண்ணீரும் மின்சாரமும் தந்த பெரியவருக்கு நன்றி என்று முடித்திருக்கிறார். போன மாதம் ஒரு கல்யாணத்தில் மச்சானின் மகன், அவனுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது, தன் பேரனிடம் அந்தப் பழைய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். படித்த பொம்பளை ஒருத்தி பூட்டி வைத்துக் கொன்ற கதை. நான் பக்கத்து இலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்து வந்தேன்.

எனவே கேட்கிறேன். இடம் கொடுத்ததற்கு நன்றி எனக்கு வேண்டாம். இடம் யாரும் கொடுப்பார்கள். தண்ணீரும் கரண்டும் ஒரு பெருமையா? மோட்டாரில், மணியில், மண்டபத்தில் என் பெயர் இருக்கிறது. அதையெல்லாம் வேண்டுமானால் அழித்துக்கொள்ளுங்கள். அந்த மருந்தின் கதையை எழுதுகிறவர்கள், சொல்கிறவர்கள், என் பங்கை என் பெயரில் போட வேண்டும். மூலக்கூறை வரைந்தது டாக்டரம்மா. குடுவையை ஊதியது மச்சான். பூட்டியது நான். அவரல்ல, நான். மச்சான் மகனே, நீ இதைப் படித்தால் என் கேன்டீனுக்கு வா. ஃப்ரிட்ஜ் அங்கேயே இருக்கிறது. உன் அத்தா தடவிய இடத்தில் விரலை வைத்துப் பார். அது யாருடைய கை என்று உனக்கும் தெரியும்.